நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு வலி: நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மயக்க மருந்து மருத்துவர். நுரையீரல், இதயம், உணவுக்குழாய் என்று நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷன்களில்தான் என் வேலைநாளின் பெரும்பகுதி போகிறது. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மாலை வார்டுக்குப் போய் நோயாளியைப் பார்த்துப் பேசுவேன். அப்போது அவர்கள் கேட்பதும், மறுநாள் ஐசியூ வாசலில் வீட்டார் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

மயக்கம் கொடுத்துத்தானே ஆபரேஷன் செய்கிறீர்கள்? அப்புறம் எதற்குத் தனியாக ஒரு ஊசி?

மயக்கம் ஆபரேஷன் முடிந்ததும் தெளிந்துவிடும். வலி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

விலா எலும்புகள் 12 ஜோடி. பெரும்பாலானவற்றின் கீழ் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் ஓடும். ரத்தக்குழாய்களோடு சேர்ந்து நரம்பும் அதில்தான் போகிறது. நுரையீரலைத் தொட வேண்டுமானால் இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே, பெரும்பாலும் ஐந்தாவது எலும்பை ஒட்டி, வழி எடுத்து இரும்புக் கருவியால் விரிக்க வேண்டும். விரிக்கும்போது நரம்பு நசுங்கும், மூட்டுகள் இழுபடும், சில நேரம் எலும்பே கீறல் விடும். முடிந்த பிறகு ரத்தமும் காற்றும் வெளியேற ஒரு டியூப் வைப்போம். அதுவும் ஒரு விலா நரம்பை உரசிக்கொண்டே இருக்கும்.

கால் உடைந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைக்கலாம். நெஞ்சுக்கு அப்படி ஓய்வு கொடுக்க வழியில்லை. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20,000 முறை மூச்சு விடுகிறோம். ஒவ்வொரு மூச்சுக்கும் புண் அசைகிறது. அந்த வலியை மூளைக்கு எடுத்துப்போகும் நரம்பை வழியிலேயே சில மணி நேரமோ சில நாளோ மரத்துப்போகச் செய்வதுதான் இந்த ஊசி. மருத்துவமனையில் இதை ‘பிளாக்’ என்போம்.

வலியைப் பொறுத்துக்கொண்டால் என்ன? புண் ஆறினால் தானாகப் போய்விடாதா?

இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் பலர், முக்கியமாகப் பெரியவர்கள், வலியை வாய்விட்டுச் சொல்வதில்லை.

டிபியால் நெஞ்சுக்கூட்டில் சீழ் கட்டி, நுரையீரலைச் சுற்றித் தோல் போலத் தடித்துவிட்ட ஒரு பெரியவருக்கு அந்தத் தடிப்பை உரித்தெடுக்கும் ஆபரேஷன் நடந்தது. கைதேர்ந்தவர்களுக்கும் மணிக்கணக்கில் ஆகும் வேலை அது. மறுநாள் காலை போய், “ஐயா, வலி இருக்குங்களா?” என்று கேட்டேன். “இல்லீங்க டாக்டர், நல்லா இருக்கேன்” என்றார். முகமும் அமைதியாகத்தான் இருந்தது. “சரி, ஒரு தடவை நல்லா இருமுங்க” என்றேன். கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு “க்கும்” என்றார், தொண்டையைக் கனைப்பது போல. அதற்கு மேல் வரவில்லை. நெற்றியில் வியர்த்துவிட்டது. விரலில் மாட்டியிருந்த கருவி ஆக்சிஜன் 90 என்று காட்டியது.

அசையாமல் மேலோட்டமாக மூச்சு விட்டதால்தான் அவருக்கு வலி தெரியவில்லை. அப்படி விடும்போது நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்றுப் போவதில்லை. காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், சளி அங்கேயே தேங்கும், அதில் கிருமி சேர்ந்தால் நிமோனியா. நல்லபடியாக முடிந்த ஆபரேஷன் மூன்றாம் நாள் காய்ச்சலில் வந்து நிற்பது பல நேரம் இப்படித்தான்.

அன்று அவருக்கு முதுகுப் பக்கம் ஒரு பிளாக் போட்டோம். இருபது நிமிடம் கழித்து அதே போல இருமச் சொன்னேன். அடிவயிற்றிலிருந்து இருமி, கெட்டியான சளியைக் கிண்ணத்தில் துப்பினார். பிறகு அவரே இன்னொரு முறை இருமிப் பார்த்துக்கொண்டார்.

அதனால் சும்மா படுத்திருக்கும்போது வலிக்கிறதா என்று மட்டும் கேட்பதை நான் ஏற்பதே இல்லை. இருமும்போது எவ்வளவு வலிக்கிறது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை? இதுதான் கேட்க வேண்டியது. நான்கு, ஐந்தைத் தாண்டினால் ஏதாவது செய்தாக வேண்டும்.

எத்தனை வகை பிளாக் இருக்கிறது? எனக்கு எதைப் போடுவார்கள்?

நீண்ட காலமாக முதலிடத்தில் இருந்தது எபிடியூரல். முதுகுத் தண்டின் உறைக்கு வெளியே மெல்லிய குழாய் வைத்து, இரண்டு பக்க நரம்புகளையும் மரத்துப்போகச் செய்வது. வலி நிவாரணம் அருமையாக இருக்கும். ஆனால் ரத்த அழுத்தம் இறங்கலாம், சிறுநீர் கழிக்கச் சிரமப்படலாம். குழாய் வைக்கும் இடத்தில் ரத்தம் கட்டினாலோ சீழ் பிடித்தாலோ தண்டுவடம் அழுந்தும். இது மிக அரிது, ஆனால் விளையாட்டான விஷயம் இல்லை. எபிடியூரல் இருக்கும்போது கால்கள் திடீரெனக் கனத்துப் போனாலோ, தூக்க முடியாவிட்டாலோ, அந்த நிமிடமே சொல்ல வேண்டும்.

அடுத்தது பாராவெர்டிப்ரல் பிளாக். விலா நரம்பு முதுகெலும்பை விட்டு வெளியே வந்ததும் ஒரு முக்கோண இடைவெளி இருக்கிறது. மருந்தை அங்கே விடுவோம். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1905-லேயே ஜெர்மனியின் ஹ்யூகோ செல்ஹைம் விவரித்தது. பிறகு வழக்கொழிந்து, 1979-ல் ஈசன், வயாட் என்ற இருவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு திரும்ப வந்தது. ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போவதால் ரத்த அழுத்தம் அவ்வளவாக இறங்காது, சிறுநீர்த் தொந்தரவும் குறைவு, வலி நிவாரணமோ எபிடியூரலுக்கு இணை. ஒரு பக்க நுரையீரல் ஆபரேஷன் என்றால் நான் முதலில் யோசிப்பது இதைத்தான்.

2016-ல் கனடாவில் மொரிசியோ ஃபொரேரோவும் அவர் குழுவினரும் விவரித்த எரெக்டர் ஸ்பைனே பிளாக் சில ஆண்டுகளிலேயே உலகம் முழுக்கப் பரவியது. முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் தசைக்கும், முதுகெலும்பின் பக்கவாட்டு நீட்சிக்கும் நடுவே மருந்தை விடுவது. ஊசி எலும்பின் மேல் போய் நிற்பதால் நுரையீரலுக்கும் தண்டுவடத்துக்கும் தள்ளியே இருக்கிறோம். போடுவது எளிது. ஆனால் மருந்து எவ்வளவு தூரம் பரவும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பாராவெர்டிப்ரல் கொடுக்கும் உறுதி இதில் எப்போதும் கிடைப்பதில்லை என்பது என் அனுபவம்.

அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் போடும் செரேட்டஸ் பிளாக் ஒன்று உண்டு. மல்லாந்து படுத்தபடியே போடலாம் என்பதால், விலா எலும்பு உடைந்து புரளவே முடியாமல் வருகிறவர்களுக்குப் பெரிய உதவி. இதெல்லாம் போக, நெஞ்சை மூடுவதற்கு முன் அறுவை மருத்துவரே உள்ளிருந்து விலா நரம்புகளைக் கண்ணால் பார்த்து ஊசி போடுவதும் உண்டு. அது சீக்கிரம் முடியும், ஆனால் சீக்கிரம் தெளிந்தும் விடும்.

உங்களுக்கு எது என்பது வெட்டு எங்கே, எவ்வளவு பெரிது, ரத்தம் உறையும் தன்மை எப்படி, போடுகிறவருக்கு எதில் கை பழகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கடைசியில் சொன்னதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நன்றாகப் பழகிய ஒருவர் போடும் எளிய பிளாக்கையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கேமரா வைத்து துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்தானே எனக்கு? அதற்கும் வேண்டுமா?

வேண்டும். தோலில் வெட்டு சின்னதுதான். ஆனால் அந்தத் துளையும் விலா இடைவெளி வழியாகத்தான் போகிறது, கருவியை அசைக்கும்போதெல்லாம் நரம்பு அழுந்துகிறது. டியூபும் இருக்கும். பெரும்பாலும் எபிடியூரல் தேவைப்படாது. பாராவெர்டிப்ரல் அல்லது எரெக்டர் ஸ்பைனே பிளாக் ஒரு முறை போட்டு, மாத்திரைகளும் சேர்த்தால் போதும்.

எப்படிப் போடுவீர்கள்? வலிக்குமா?

எபிடியூரல் என்றால் பெரும்பாலும் விழித்திருக்கும்போதே உட்காரவைத்துப் போடுவோம். தோலை மரத்துப்போகச் செய்யும் முதல் ஊசி எறும்பு கடித்தது போல இருக்கும். பிறகு அழுத்துவது போலத்தான் தெரியும். மற்ற பிளாக்குகளைப் பல நேரம் நீங்கள் மயக்கத்தில் இருக்கும்போதே போட்டுவிடுவோம்.

இப்போது பெரும்பாலும் ஸ்கேன் பார்த்துத்தான் போடுகிறோம். திரையில் விலா எலும்பு வெள்ளைக் கோடாகத் தெரியும், அதற்குக் கீழே கறுப்பு நிழல். இரண்டு நிழல்களுக்கு நடுவே, கொஞ்சம் ஆழத்தில், பளபளவென்று இன்னொரு கோடு, மூச்சுக்கு மூச்சு இங்கும் அங்கும் வழுக்கிக்கொண்டிருக்கும். அதுதான் நுரையீரலின் உறை. ஊசி முனையை அந்தக் கோட்டைத் தொடவிடாமல் கொண்டுபோக வேண்டும். எரெக்டர் ஸ்பைனே பிளாக்கில் முனை எலும்பைத் தொட்டதும் ஒரு மில்லி மருந்தைத் தள்ளிப் பார்ப்பேன். எலும்பை விட்டுத் தசை மெல்ல மேலே எழும்பி, நடுவே கறுப்பாக ஒரு கோடு விரிந்தால் இடம் சரி. மருந்து தசைக்குள்ளேயே உருண்டையாகத் தேங்கினால் ஊசியை நகர்த்துவேன். இதைப் பார்க்காமல் முழு மருந்தையும் தள்ளுவதில்லை.

முதுகில் ஊசி போட்டால் காலம் முழுக்க முதுகுவலி என்கிறார்களே?

சிசேரியனுக்கு ஊசி போட்டுக்கொண்ட அக்காவோ அண்ணியோ ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பதால் இந்தப் பயம் இவ்வளவு ஆழமாக இருக்கிறது. பிரசவ வலிக்கு எபிடியூரல் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்ட கால முதுகுவலி இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் இருந்தது. பிள்ளை சுமந்த இடுப்பு, குனிந்து நிமிர்ந்து குழந்தையைத் தூக்குவது எல்லாம் வலிக்கும்தான். பழி ஊசி மேல் விழுந்துவிடுகிறது. ஊசி போட்ட இடத்தில் இரண்டு மூன்று நாள் லேசான வலி இருக்கும். அது உண்மை.

எவ்வளவு நேரம் தாங்கும்?

பியூபிவகைன், ரோபிவகைன் போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஒரே முறை போட்டால் பொதுவாக 8 முதல் 12 மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல். மெல்லிய குழாய் வைத்து பம்பு மூலம் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால் இரண்டு மூன்று நாள், அதாவது டியூப் எடுக்கும் வரைக்கும் கொண்டுபோகலாம்.

ஒரே முறை போட்டவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காலையில் போட்ட பிளாக் நள்ளிரவில்தான் தெளியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நோயாளி அன்று மாலை முழுக்கச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். வலியே இல்லையே, மாத்திரை எதற்கு என்று பாராசிட்டமாலை வேண்டாம் என்றிருக்கிறார். யாரும் வற்புறுத்தவில்லை, நானும் எழுதி வைக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு மொத்த வலியும் ஒரே நேரத்தில் வந்திருக்கிறது. வார்டில் தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்று விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் அவர் முகத்தைப் பார்த்ததை நான் மறக்கவில்லை.

அன்றிலிருந்து பிளாக் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாத்திரையை நேரத்துக்கு எழுதிவிடுகிறேன். 50 கிலோவுக்கு மேல் எடையும் நல்ல கல்லீரலும் உள்ள பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 6 மணிக்கு ஒருமுறை 1 கிராம் பாராசிட்டமால். வலி இல்லை என்று அதை நிறுத்தாதீர்கள். பிளாக் தெளியும் நேரத்துக்கு அது ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும்.

நெஞ்சு வலிக்கவில்லை, தோள்பட்டை வலி உயிர் போகிறது. ஊசி தப்பாகிவிட்டதா?

இல்லை. ஆபரேஷன் நடந்த பக்கத்துத் தோள் வலிப்பது மிகவும் சாதாரணம், எபிடியூரல் நன்றாக வேலை செய்யும் ஆட்களுக்கும் வரும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புகிறது. தோளின் தோலுக்குப் போகும் நரம்பும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. டியூபோ கருவியோ உதரவிதானத்தையும் அதன் மேலுறையையும் உரசினால், மூளை அதைத் தோள் வலியாக எடுத்துக்கொள்கிறது. நெஞ்சு நரம்புக்குப் போட்ட மருந்து கழுத்து நரம்பை எட்டாது. பாராசிட்டமால், சிறுநீரகம் நன்றாக இருந்தால் டைக்ளோஃபினாக் போன்ற மருந்து, இவற்றுக்கு இது கேட்கும். தைலம் தேய்த்து அழுத்திவிட வேண்டாம்.

பைபாஸ் ஆபரேஷனுக்கும் இது உண்டா?

உண்டு, ஆனால் கணக்கு வேறு. அங்கே நடுநெஞ்சு எலும்பை நீளவாக்கில் அறுத்து, கடைசியில் கம்பியால் கட்டுகிறோம். வலி நடுவில், இரண்டு பக்கமும். ஆபரேஷனின்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் நிறையக் கொடுப்பதால் எபிடியூரல் வைக்கப் பலர் தயங்குகிறோம். மார்பெலும்பின் இரு ஓரத்திலும் மேலோட்டமாகப் போடும் பிளாக், அல்லது முதுகில் இரு பக்கமும் எரெக்டர் ஸ்பைனே பிளாக் போடலாம். காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்திருந்தால் அந்த வலிக்கு இது உதவாது.

ஒன்று முக்கியம். பைபாஸ் முடிந்தவர்கள் மருந்துக்கடையில் வலி மாத்திரை என்று கேட்டு டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகைகளை வாங்கிச் சாப்பிடக் கூடாது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். சொல்ல வேண்டுமா?

கட்டாயம். குளோபிடோகிரெல், வார்ஃபரின், புது வகை மாத்திரைகள் எதுவானாலும் கடைசியாக எந்த நாள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பது எங்களுக்குத் தேவை. மாத்திரை அட்டையையே கொண்டுவந்து காட்டுங்கள். எபிடியூரல், பாராவெர்டிப்ரல் போன்ற ஆழமான இடங்களை இவர்களுக்குத் தவிர்ப்போம். மேலோட்டமான பிளாக்குகளை யோசித்துப் போடலாம். ஆனால் ஊசிக்காக என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் இருந்தால் அது உயிருக்கே ஆபத்தாகும்.

இதில் என்னென்ன கோளாறு வரலாம்?

பலிக்காமல் போவதுதான் அதிகம் நடப்பது. பாதி இடம் மரத்து பாதி மரக்காமல் இருக்கலாம். உடனே சொன்னால் மாற்று வழி உண்டு. நுரையீரல் உறையில் ஊசி பட்டுக் காற்றுக் கசியலாம். டியூப் ஏற்கெனவே இருந்தால் அது பெரிய சிக்கலாவதில்லை. பாராவெர்டிப்ரல் மருந்து மேலே பரவினால் அந்தப் பக்கத்துக் கண்ணிமை சில மணி நேரம் தொங்கிப்போகும். வீட்டார் பக்கவாதம் என்று பதறிவிடுவார்கள். அது தானாகச் சரியாகும், ஆனாலும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

நாங்கள் மிகவும் பயந்து பார்ப்பது மருந்து ரத்தத்தில் அதிகமாகக் கலந்துவிடுவதை. நாக்கும் உதடும் மதமதவென்று இருப்பது, வாயில் இரும்புச் சுவை, காதில் இரைச்சல், காரணமில்லாத படபடப்பு, இவை முதல் அறிகுறிகள். கவனிக்காவிட்டால் வலிப்பு, இதயத் துடிப்பு கெடுவது வரை போகும். அதனால்தான் எடைக்கேற்பக் கணக்குப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிறோம். இதற்கு முறிவு மருந்தாக 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை, பாட்டிலில் பால் போல வெள்ளையாக இருக்கும், கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்போம்.

வீட்டுக்குப் போன பிறகும் எரிச்சல் இருக்கிறதே?

சில வாரம் இருப்பது இயல்பு. மூன்று மாதம் தாண்டியும் தையல் ஓரமாக எரிச்சலோ, மின்சாரம் பாய்வது போன்ற சுரீர் வலியோ, தொட்டாலே கூசுவதோ இருந்தால், அது புண்ணின் வலி இல்லை. நசுங்கிய நரம்பின் வலி. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் கணிசமானவர்களுக்கு இது வருகிறது. ஓர் அம்மா நான்கு மாதம் கழித்து வந்தார்கள். ரவிக்கைத் துணி மார்போரத்தில் பட்டாலே தாங்க முடியாமல், வீட்டுக்காரரின் நைந்துபோன பழைய சட்டையைத்தான் அணிந்துகொண்டிருந்தார்கள். “ஆபரேஷன் நல்லா முடிஞ்சிருச்சே, இதைப் போய் எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்” என்றார்கள். நான்கு மாதம்.

இதற்குச் சாதாரண வலி மாத்திரை கேட்காது. பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகள், லிக்னோகைன் ஒட்டுப்பட்டை, தேவைப்பட்டால் மறுபடி பிளாக் என்று வழிகள் இருக்கின்றன. வலி சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், சீக்கிரம் போங்கள்.

கூட இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். இருமும்போது ஒரு தலையணையைத் தையல் மேல் வைத்து இறுக அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புண் அசைவது குறையும். மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கும் மூன்று பந்துக் கருவியை ஊதக் கொடுக்காதீர்கள், உள்ளே இழுக்க வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை, பந்து மேலே நிற்கும்படி மெதுவாக. மாத்திரை கொடுத்து அரை மணி, முக்கால் மணி கழித்து இதையெல்லாம் செய்தால் வலி தெரியாது. திடீர் மூச்சுத்திணறல், குளிர்க் காய்ச்சல், எழுப்பினாலும் எழாத தூக்கம், இவற்றில் எது வந்தாலும் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

எனக்கு எந்த பிளாக் போடப்போகிறீர்கள், ஒரே முறையா, குழாய் வைப்பீர்களா என்று கேளுங்கள். எத்தனை மணிக்குத் தெளியும், அதற்கு முன் எந்த மாத்திரை என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், நடு இரவில் வலித்தால் வார்டில் யாரைக் கூப்பிடுவது, அவர் யாரைக் கூப்பிடுவார் என்பதையும் கேட்டு அதே தாளில் எழுதி, இரவு கூடத் தங்குகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.